‘சாப்பாட்டுக்கு முன்னாடி’ன்னா எவ்வளவு முன்னாடி?

எங்க வீட்டு டிவி கேபினெட்டுல ரெண்டாவது டிராயர்ல ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கு, பிஸ்கட் தீர்ந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப அது பூரா கிளினிக்ல குடுக்குற சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்தான். போன மாசம் ஒரு நாள் லீவுல உக்காந்து எல்லாத்தையும் தரையில கொட்டி எண்ணிப் பாத்தேன். ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம் மட்டும் 14 பாக்கெட். மூணு வருஷம், நாலு வேற வேற கிளினிக், ஒவ்வொண்ணுலயும் அரைகுறையா மிச்சம். லேபிள் மட்டும் எல்லாத்துலயும் ஒண்ணுதான், மலாய்ல ‘சத்து பீஜி, டுவா காலி செஹாரி, செபெலும் மாக்கான்’. ஒரு மாத்திரை, நாளைக்கு ரெண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடி.

அந்த ‘செபெலும் மாக்கான்’ இருக்கே, அத நான் மூணு வருஷமா எப்படிப் புரிஞ்சுகிட்டேன் தெரியுமா? மாமாக் கடையில ரொட்டி சானாய் தட்டு மேசைக்கு வந்ததும் மாத்திரைய வாயில போடுறது, தே தாரேக்க ஒரு மடக்கு குடிச்சு முழுங்குறது, அப்புறம் ரொட்டியப் பிய்க்கிறது. முன்னாடிதானே? கணக்குப்படி முன்னாடிதான்.

நான் மலேசியாவுல, பினாங்குத் தீவுல இருக்கற பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரியில மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறையில. 12 மணி நேர ஷிப்ட், ரெண்டு வாரம் பகல் ரெண்டு வாரம் ராத்திரி. ராத்திரி ஷிப்ட்னா நடுராத்திரி ஒரு மணிக்கு கேன்டீன்ல மீ கோரேங், காலையில ஏழு மணிக்கு வேலை முடிஞ்சு பாலத்தத் தாண்டி வீட்டுக்கு வர்ற வழியில ஒரு நாசி கண்டார், குழம்பு பஞ்சிர்னு சொல்லி சோறு மெதக்க மெதக்க வாங்கி சாப்பிட்டுட்டு ஒம்போது மணிக்கெல்லாம் படுத்துருவேன். படுத்து அரை மணி நேரத்துல தொண்டை வரைக்கும் புளிச்ச தண்ணி வரும். எந்திரிச்சு உக்காந்து அந்தப் புளிப்ப முழுங்குறப்ப நெஞ்சுக் குழியில இருந்து மேல வரைக்கும் யாரோ தீக்குச்சி உரசுன மாதிரி ஒரு கோடு எரியும்.

ஊர்ல பழைய ஆளுங்க இதுக்கு எதுக்களிப்பு, நெஞ்சு கரிப்புன்னு தனித்தனியா பேரு வச்சிருந்தாங்க. இங்க நமக்கு எல்லாம் ‘கேஸ்ட்ரிக்’தான். வயிறு காந்துனாலும் கேஸ்ட்ரிக், உப்புசம்னாலும் கேஸ்ட்ரிக், ஏப்பம் வந்தாலும் கேஸ்ட்ரிக். எங்கம்மாவுக்கு அதெல்லாம் அங்கின், அதாவது வாயு, கோடாலித் தைலத்த வயித்துல தேச்சா போயிரும். ஆனா வயித்துல புண்ணு வேற, வயித்து ஆசிட் மேல ஏறி உணவுக்குழாயச் சுடுறது வேற. உணவுக்குழாய் வயித்துல சேர்ற இடத்துல ஒரு வளையம் மாதிரி தசை இருக்கு, சாப்பாடு கீழ போறப்ப தொறந்துட்டு அப்புறம் மூடிக்கணும். அது லொடலொடன்னு ஆனாலோ, தொப்பை கீழ இருந்து அமுக்குனாலோ, நாம வயிறு முட்ட சாப்பிட்டுட்டு உடனே படுத்தாலோ ஆசிட் மேல வந்துரும். எனக்கு மூணும் இருந்துச்சு.

மூணு வருஷத்துக்கு முன்னாடியே ஸ்கோப் போட்டு, அதாவது வாய் வழியா கேமராக் குழாய உள்ள விட்டு பாத்தாங்க. உணவுக்குழாய் அடியில சின்னதா தோல் உரிஞ்ச மாதிரி புண்ணு, 5 மில்லிமீட்டருக்குள்ளதான், கிரேடு ஏ. ஏ, பி, சி, டின்னு நாலு படி வச்சிருக்காங்க, நம்மளுது ஆக லேசு. டாக்டர் எட்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் குடுத்து, அதுக்கப்புறம் பாத்து நிறுத்திரலாம்னாரு. எட்டு வாரம் ஓரளவுக்கு நல்லா இருந்துச்சு, நிறுத்துனேன், நாலாவது நாளு நெஞ்சு பத்திக்கிச்சு. சரி, நமக்கு இது ஆயுசுக்கும் சாப்பிட வேண்டிய மாத்திரை போலன்னு நானா முடிவு பண்ணிட்டு பக்கத்து கிளினிக்குக்குப் போயி ‘டாக்டர், கேஸ்ட்ரிக் மாத்திரை’ன்னு சொல்லி வாங்க ஆரம்பிச்சவன்தான். யாரும் எதுக்குன்னு கேக்கல, நானும் சொல்லல. அதுலயும் ஒழுங்கா தினமும் சாப்பிட்டேனா, அதுவும் கிடையாது. எரிஞ்சா ரெண்டு, எரியலன்னா மறந்துருவேன்.

இதெல்லாம் வெளிய வந்தது எங்கம்மா மருந்து வாங்கப் போன எடத்துல. அம்மாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இதயத்துல ஸ்டென்ட் வச்சாங்க, ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் குடுத்து, அந்த ரெண்டும் சேந்து வயித்துல ரத்தக்கசிவு வராம இருக்க பான்டோப்ரசோலும் குடுத்திருந்தாங்க. ஒரு தடவ பான்டோப்ரசோல் தீர்ந்துருச்சு, அப்பாயின்ட்மென்டுக்கு இன்னும் பத்து நாளு இருக்கு. நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி ‘எல்லாம் கேஸ்ட்ரிக் மாத்திரைதானேம்மா’ன்னு என் பிஸ்கட் டின்ல இருந்து ஒமிப்ரசோல எடுத்துக் குடுத்தேன். மருந்து கவுன்டர்ல இருந்த தமிழ்ப் பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், பத்து நாளா என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டுச்சு. சொன்னேன். அப்படியே பேனாவக் கீழ வச்சிருச்சு.

“அங்கிள், உள்ள வந்து உக்காருங்க.”

எனக்கு வயசு 44. அந்த அங்கிள் கேஸ்ட்ரிக்க விட கொஞ்சம் கூடவே எரிஞ்சுச்சுன்னு வைங்க. ஆனா அந்தப் பொண்ணு அன்னைக்கு அரை மணி நேரத்துல சொன்னத எனக்கு மூணு வருஷத்துல யாரும் சொல்லல, நானும் யாரையும் கேக்கலங்கிறதையும் சேத்துச் சொல்லணும்.

மொதல்ல அம்மா விஷயம். குளோபிடோக்ரெல் அப்படியே வேலை செய்யாதாம், கல்லீரல்ல ஒரு நொதி அத மாத்திக் குடுத்தாதான் வேலை செய்யும். ஒமிப்ரசோலும் ஈசோமிப்ரசோலும் அதே நொதியப் போயி அமுக்கிப் புடிச்சுக்கும், அதனால ரத்தம் கட்டாம தடுக்குற வேலை கொறையும். அமெரிக்க மருந்துத் துறை 2009லயே இந்த ரெண்டையும் சேத்துக் குடுக்காதீங்கன்னு எச்சரிக்கை விட்டுருக்கு. பான்டோப்ரசோல் அந்த நொதிய அவ்வளவா தொந்தரவு பண்றதில்ல, அதனாலதான் அம்மாவுக்கு அது. அதாவது நான் அம்மா வயித்தக் காப்பாத்துறேன்னு சொல்லி ஸ்டென்டுல கை வச்சிருக்கேன். நல்ல வேளையா ஒண்ணும் ஆகல. கேட்டப்ப முதுகுல வேர்த்துருச்சு.

அப்புறம் என் பக்கம் திரும்புச்சு. “நீங்க எப்ப சாப்பிடுறீங்க?” ரொட்டி சானாய் கதையச் சொன்னேன். சிரிக்கல, ஒரு பேப்பர எடுத்து வயிறு படம் போட்டுச்சு, வயித்துச் சுவத்துல வரிசையா சின்னச் சின்ன வட்டம். எல்லாம் பம்ப்னு சொல்லுச்சு.

பம்ப்னு சொன்னதும் எனக்குக் காது நிமிந்துருச்சு, ஏன்னா என் வேலையே வேக்குவம் பம்ப் பாக்குறதுதான். விஷயம் இதுதான். வயித்துச் சுவத்துல இருக்கற செல்லுங்கள்ல ஆசிட்ட வெளிய தள்ளுற பம்ப் இருக்கு. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், லான்சோப்ரசோல், ஈசோமிப்ரசோல், இப்படி ‘ப்ரசோல்’னு முடியற கேஸ்ட்ரிக் மருந்தெல்லாம் அந்தப் பம்புல போயி ஒட்டிகிட்டு பூட்டு போட்டுரும். ஒருக்கா பூட்டுனது பூட்டுனதுதான், அந்தப் பம்ப் திரும்ப ஓடுறது ரொம்ப கஷ்டம், உடம்பு புதுப் பம்ப் செஞ்சாதான் உண்டு. எங்க பேக்டரியில மெஷின ரிப்பேர் பண்றப்ப லாக் அவுட்னு ஒரு முறை இருக்கு, கரண்ட கட் பண்ணி, மெஷின் நின்னதுக்கு அப்புறம் பூட்டப் போட்டு சாவிய சட்டைப் பையில வச்சுக்குவோம். வயித்துல இது தலைகீழு. நின்னுகிட்டு இருக்கற பம்புல இந்தப் பூட்டு மாட்டவே மாட்டாது. ஓடிகிட்டு இருக்கற பம்புலதான் மாட்டும். பம்ப் எப்ப ஓடும்? சாப்பாடு உள்ள போறப்ப. அதுவும் ராத்திரி முழுக்க பட்டினியா இருந்துட்டு சாப்பிடுற மொத சாப்பாட்டுக்குத்தான் ஆக அதிகமான பம்ப் கிளம்பும்.

சரி, அப்ப ரொட்டியோட சேத்து முழுங்குனா என்ன, பம்ப் ஓடுதே? அங்கதான் இன்னொரு சிக்கல். இந்த மருந்து ஆசிட் பட்டா வீணாப் போயிரும், அதனால ஒவ்வொரு குருணைக்கும் மேல ஒரு உறை போட்டுருக்காங்க. வயித்த அப்படியே தாண்டிப் போயி குடல்ல கரைஞ்சு, ரத்தத்துல ஏறி, சுத்திகிட்டு திரும்ப வயித்துச் சுவத்துக்கு வந்துதான் வேலையப் பாக்கும். ஜார்ஜ் டவுன்ல இருக்கற ஆளு பாலத்துல பிறைக்குப் போயி, அங்க கார்டு வாங்கிகிட்டு, திரும்பப் பாலத்துல வந்து ஜார்ஜ் டவுன்லயே வேலைக்குச் சேர்ற மாதிரி. அதுக்கு நேரம் வேணும். சாப்பாடு முன்னாடியே உள்ள இருந்தா இன்னும் லேட்டாகும். மருந்து வந்து சேர்றதுக்குள்ள பம்ப் ஆசிட்ட ஊத்தி முடிச்சிருக்கும், ரத்தத்துல மருந்து இருக்கறதே சில மணி நேரந்தான். அதனாலதான் அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் முன்னாடி. கேப்ஸ்யூல கடிக்கவோ, குருணைய நசுக்கவோ கூடாதுங்கறதும் அந்த உறைக்காகத்தான். எங்கம்மா ‘பெருசா இருக்குடா’ன்னு அத ஒடைச்சு கரண்டியால நுணுக்கி சாப்பிட்டிருக்காங்க. முழுங்க முடியலன்னா மருந்துக் கடையிலயே கேட்டுக்கங்க, சில வகைய தொறந்து குருணைய மெல்லாம முழுங்கலாம், சில வகைய எதுவுமே பண்ணக் கூடாது.

இன்னொண்ணு, ஒரு நாளுல எல்லா பம்பும் ஓடாது, அதனால ஒரு மாத்திரையில எல்லாத்தையும் பூட்ட முடியாது. தினமும் விடாம சாப்பிட்டா மூணு நாலு நாள்லதான் முழுப் பலன் தெரியும். எரியுறப்ப உடனே அணைக்க ஒண்ணு போடுறதுக்கு இது ஏத்த மருந்து கிடையாது. அப்போதைக்கு எரியுறத நிறுத்த கேவிஸ்கான் மாதிரி இருக்கு, இல்லன்னா கவர்மென்ட் கிளினிக்ல பாட்டில்ல குடுப்பாங்களே வெள்ளையா சுண்ணாம்புத் தண்ணி மாதிரி எம்எம்டி, அது. கேவிஸ்கான் வயித்துல இருக்கறதுக்கு மேல நுரை மாதிரி ஒரு தெப்பம் கட்டி ஆசிட் மேல வராம பாத்துக்கும், அதனால அத சாப்பிட்டதுக்கு அப்புறமும் படுக்கப் போறதுக்கு முன்னாடியும் எடுக்கணும். பிரஷர் இருக்கறவங்க பாத்துக்கங்க, அதுல உப்புச் சத்து இருக்கு.

எனக்கு ஒரு சந்தேகம், ‘காலையில வெறும் வயித்துல’ன்னு போட்டிருந்தா ராத்திரி ஷிப்ட் ஆளுக்கு எது காலை? அந்தப் பொண்ணு கொஞ்சம் யோசிச்சுட்டு, “சூரியனப் பாக்காதீங்க அங்கிள், நீங்க தூங்கி எந்திரிச்சு சாப்பிடுற மொத சாப்பாட்டப் பாருங்க”ன்னுச்சு. ராத்திரி ஷிப்டுல நான் சாயந்தரம் நாலரைக்கு எந்திரிக்கறேன், அஞ்சரைக்கு சோறு. ஆக நாலே முக்காலுக்கு மாத்திரை. போன்ல அலாரம் வச்சேன். பகல் ஷிப்டுல காலையில அஞ்சுக்கு மாத்திரை, ஆறுக்குப் பசியாறல். நாளைக்கு ஒண்ணே ஒண்ணு போதும், ரெண்ட டாக்டர் சொன்னா மட்டும்னு அப்புறம் டாக்டரும் சொல்லிட்டாரு. அதே 20 மில்லிகிராம்தான், அதே பாக்கெட்தான், ஒரு வாரத்துல எரிச்சல் போயிருச்சு. மூணு வருஷம்!

அப்புறம் நிறுத்துற கதை. மொத தடவ நாலாவது நாளே பத்திக்கிச்சுன்னு சொன்னேன்ல, அது வியாதி திரும்பி வந்ததா மட்டும் இருக்கணும்னு இல்லியாம். ஆசிட் கொறைஞ்சா உடம்பு சும்மா இருக்காது, ‘இன்னும் சுர, இன்னும் சுர’ன்னு கேஸ்ட்ரின்னு ஒரு ஹார்மோன ஏத்திகிட்டே போகும். பூட்டு இருக்கற வரைக்கும் தெரியாது. திடீர்னு எடுத்தா அத்தனையும் சேந்து பழைய அளவ விட அதிகமா கொட்டும். 2009ல டென்மார்க்ல ஒரு ஆய்வு வந்துச்சு, எந்தக் கேஸ்ட்ரிக்கும் இல்லாத 120 பேர எடுத்து பாதிப் பேருக்கு எட்டு வாரம் ஈசோமிப்ரசோல் 40 மில்லிகிராம், பாதிப் பேருக்கு வெத்து மாத்திரை. நிறுத்துனதுக்கு அப்புறம் ஒரு மாசத்துல மருந்து சாப்பிட்டவங்கள்ல 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் மாதிரி தொந்தரவு, வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 15 சதவீதம்தான். நல்லா இருந்த ஆளுக்கே அப்படின்னா எனக்கு? நாலாவது நாளு எரிஞ்சதப் பாத்து ‘ஆயுசுக்கும் மாத்திரை’ன்னு முடிவு கட்டுனது எவ்வளவு அவசரம் பாருங்க. கொஞ்சம் பல்லக் கடிச்சுகிட்டு சில வாரம் தாண்டியிருந்தா அடங்கியிருக்கலாம்.

இந்த தடவ டாக்டர்கிட்ட சொல்லிட்டே பண்ணேன். எட்டு வாரம் ஒழுங்கா, அப்புறம் ரெண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் நிறுத்தம், நடுவுல எரிஞ்சா கேவிஸ்கான். சிலருக்கு ஃபமோடிடின் குடுப்பாங்க, அது வேற வகை, ஆனா அத தொடர்ந்து சாப்பிட்டா ஒண்ணு ரெண்டு வாரத்துல உடம்பு பழகி பலன் கொறையும். (அம்மா ரொம்ப வருஷம் சாப்பிட்ட ரானிடிடின் அதே குடும்பம்தான், என்டிஎம்ஏன்னு ஒரு அசுத்தம் இருந்ததால 2019, 2020ல பல நாடுகள்ல கடையில இருந்து எடுத்தாங்களே அது. வீட்டுல யாராவது பழைய ஸ்ட்ரிப் வச்சிருந்தா தூக்கிப் போடுங்க.) படிப்படியாத்தான் கொறைக்கணும்னு கட்டாயமும் இல்லியாம், ஒரேடியா நிறுத்துறவங்களும் உண்டு. எனக்கு மனசுக்கு இது தெம்பா இருந்துச்சு.

ஆனா இதப் படிச்சிட்டு உங்க அப்பா அம்மா மாத்திரைய நிறுத்திறாதீங்க. எங்கம்மா நிறுத்தவே கூடாது, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேந்து சாப்பிடுற வரைக்கும் அந்த பான்டோப்ரசோல்தான் காவல். ஸ்கோப்ல சி, டின்னு வந்தவங்க, பேரட்னு உணவுக்குழாய்த் தோலே மாறிப்போனவங்க, முன்னாடி அல்சர்ல ரத்தம் போனவங்க, இவங்கள்லாம் வருஷக் கணக்கா சாப்பிடத்தான் வேணும். இப்ப வாட்சப்ல ஒண்ணு சுத்துது, ‘இந்த மாத்திரை கிட்னிய அழிக்கும், மூளைய அழிக்கும்’னு, எங்க சித்தி மூணு குரூப்புல போட்டாங்க. கொஞ்சம் நிதானமா பாக்கணும். அந்தப் பயமெல்லாம் பெரும்பாலும் சாப்பிடுறவங்களையும் சாப்பிடாதவங்களையும் ஒப்பிட்டுப் பாத்த கணக்குல இருந்து வந்தது, மாத்திரை சாப்பிடுறவங்க முன்னாடியே கூடுதல் நோயாளிங்க. 2019ல வந்த ஒரு பெரிய சோதனையில 17,598 பேருக்குப் பாதிப் பாதியா பான்டோப்ரசோலும் வெத்து மாத்திரையும் குடுத்து மூணு வருஷம் பாத்தாங்க, தெளிவா வித்தியாசம் தெரிஞ்சது குடல் தொற்று மட்டும்தான், பான்டோப்ரசோல் பக்கம் 1.4 சதவீதம், வெத்து மாத்திரை பக்கம் 1.0. அதுக்காக ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல முடியாது. ரொம்ப நாள் சாப்பிட்டா சிலருக்கு மெக்னீசியம் கொறையும், பி12 கொறையும். நம்ம வீடுகள்ல இனிப்புநீருக்கு (சர்க்கரை வியாதி) மெட்பார்மினும் கூடவே ஓடும், அதுவும் பி12 கொறைக்கும், எங்கம்மாவுக்கு ரெண்டும் இருக்கு, அதனால ரத்தப் பரிசோதனைக்குப் போறப்ப பி12 பாக்கச் சொல்லிக் கேட்டேன். கொறைவாத்தான் இருந்துச்சு. கால் மதமதன்னு இருக்குன்னு ஆறு மாசமா சொல்லிகிட்டு இருந்தாங்க, நாங்க வயசுன்னு நெனச்சோம்.

டின்ன கொட்டுனப்ப இன்னொண்ணும் கவனிச்சேன். 14 பாக்கெட்ல அஞ்சு, என் முதுகு வலிக்கு வலி மாத்திரை குடுத்தப்ப கூட வந்தது. பொன்ஸ்தான் (மெஃபனமிக் ஆசிட்), டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரைங்க வயித்துத் தோல அரிக்கும், அதுக்குப் பாதுகாப்பாத்தான் அது. வலி மாத்திரை அஞ்சு நாள்னா அதுவும் அஞ்சு நாள். நான் வலி மாத்திரைய முடிச்சிட்டு இத தொடர்ந்திருக்கேன், கேட்டா கேஸ்ட்ரிக்.

ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப கறாரா இருக்கணும். எங்க லைன்ல ஒரு அண்ணன், 51 வயசு, போன வருஷம் ராத்திரி ஷிப்டுல நெஞ்சக் கசக்குதுன்னு ஈனோ கரைச்சுக் குடிச்சாரு. நான்தான் கலக்கிக் குடுத்தேன். ஏப்பம் வரல, ஏசி ரூம்ல நின்னுகிட்டு சட்டை நனைய வேர்க்குது, தாடை வலிக்குதுங்குறாரு. பக்கத்துல இருந்த மலாய்க்காரப் பொண்ணு ‘பாங், இது கேஸ்ட்ரிக் இல்ல’ன்னு 999 அடிச்சா. ஹார்ட் அட்டாக். ஆளு பொழச்சுகிட்டாரு, இப்ப எங்கம்மா சாப்பிடுற அதே மாத்திரைங்கதான் அவருக்கும். வேர்வை, மூச்சு வாங்குறது, கை, தாடைக்குப் பரவுறது, நடந்தா கூடுறது, இதுல எது இருந்தாலும் ஈனோவத் தேடாதீங்க. அது போக முழுங்க கஷ்டமா இருந்தா, காரணமில்லாம எடை கொறைஞ்சா, ரத்த வாந்தி வந்தா, கக்கா தார் மாதிரி கறுப்பா போனா, மாத்திரைய மாத்திப் பாத்துகிட்டு இருக்காம நேரா டாக்டர்கிட்ட போயிருங்க.

வயித்துல இருக்கற கிருமியையும் ஒரு தடவ பாத்துருங்க, ஹெலிகோபேக்டர் பைலோரி. அல்சருக்கு அதுதான் பெரிய காரணம்னு கண்டுபுடிச்சதுக்குத்தான் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005ல நோபல் குடுத்தாங்க. மலேசியாவுல மலாய்க்காரங்கள விட நம்ம ஆளுங்களுக்கு அது அதிகம். மூச்சு ஊதுற டெஸ்ட்னா ரெண்டு வாரம் முன்னாடியே ஒமிப்ரசோல நிறுத்தணும், இல்லன்னா கிருமி இருந்தாலும் இல்லன்னு காட்டும். நான் நிறுத்தி ரெண்டு வாரம் தாண்டுனதும் ஊதிட்டு வந்தேன், கிருமி இல்ல.

கட்டிலுக்குத் தலைமாட்டுல ரெண்டு கால்லயும் மரக்கட்டை வச்சிருக்கேன், ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி. தலகாணிய அடுக்குனா வயிறுதான் மடங்கும், கட்டிலே சாயணும். இடது பக்கமா படுத்தா இன்னும் நல்லது. எனக்குப் பிரச்சினை இல்ல, என் வீட்டுக்காரம்மாதான் ராத்திரி பூரா கீழ சறுக்கிகிட்டே போறேன்னு திட்டுறாங்க, காலையில எந்திரிச்சுப் பாத்தா போர்வையோட கால்மாட்டுல இருக்காங்க.

நிறுத்தி இப்ப ஒம்போதாவது வாரம். மூணாவது வாரம் மோசம், ரெண்டு நாள் தூக்கமே இல்ல, டிராயர் வரைக்கும் போயி கைய வச்சுட்டு திரும்பி வந்தேன். அஞ்சாவது வாரத்துல இருந்து வாரத்துக்கு ஒரு நாள் எரிஞ்சா அதிகம். நாசி கண்டார விடல, நேரத்த மட்டும் மாத்திகிட்டேன், ராத்திரி ஷிப்ட் முடிஞ்சா ரெண்டு ரொட்டித் துண்டும் முட்டையும் சாப்பிட்டுட்டு படுக்கறேன், நாசி கண்டார் சாயந்தரம் எந்திரிச்சதுக்கு அப்புறம், பஞ்சிர் சொல்றதில்ல, குழம்பு ஓரமா. கடைக்காரர் மொத நாளு ‘என்னா பாய், ஒடம்பு சரியில்லியா?’ன்னு கேட்டாரு.

டின்ல இருந்த 14 பாக்கெட்டையும் மருந்து கவுன்டர்ல திருப்பிக் குடுத்துட்டு வந்தேன். அந்தப் பொண்ணு இல்ல அன்னைக்கு, லீவாம்.